பின்னேரப் பள்ளிக்கூடத்துக் கோல் காப்பாளர்

“விளையாடுபவர் பழைய மாணவராகவோ பழைய மாணவரின் பிள்ளையாகவோ இருத்தல் வேண்டும். சான்றாகப் பாடசாலை விடுகைப் பத்திரத்தின் மூலப்பிரதி அல்லது நகரசபையில் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒப்படைக்கப்படல் வேண்டும்.” டோர்ட்மண்டில் கூடிய பழைய மாணவர் சங்கங்களின் கூட்டக் குறிப்பு. பெப்ரவரி மாத இரண்டாவது ஞாயிறு, பிற்பகல். கொரோனாவுக்குப் பிறகு கிண்ணப் போட்டிகள் மறுபடி தொடங்கி இரண்டாவது வருடம். குறிப்பை எழுதியவன் நான்.

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். அவற்றின் பழைய மாணவர்கள் ஜெர்மனியில் சங்கக் கிளைகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் கிளைகள் தங்களுக்குள் உதைபந்தாட்டக் கிண்ணம் நடத்துகின்றன. ஆண்கள் அணிகள் முதலில் இருந்தன. அப்பாமாருக்கு முழங்கால் தேய்ந்த பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பெண்கள் அணிகளும் வந்தன. அந்தக் கல்லூரியின் வாசலையே காணாத பிள்ளைகள் அதன் நிறத்தில் சட்டை போட்டு ஓடுகிறார்கள். கரையில் நிற்கும் நாங்கள் அந்தச் சட்டைக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துகிறோம். எங்கள் கிளைக்கு நான் செயலாளர். கிளையின் வரலாறு ஒன்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைகளை வேறு யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு வேலையும் என்னிடம் இத்தனை காலம் தங்கின.

அந்த விதி வந்ததற்குக் காரணம் முந்தைய கோடை. ஒரு கிளை இரண்டு முன்வரிசை ஆட்டக்காரரைக் கொண்டுவந்து இறக்கியது. இருவரும் அந்தக் கிளைத் தலைவரின் மருமக்கள் என்றார்கள். இருவரும் ஜெர்மன் கழகங்களில் விளையாடுகிறவர்கள் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் தலைவர் ஒருவனைப் பிடித்து, “மோனே, உன்ரை அப்பா எந்தக் கல்லூரி?” என்று கேட்டார். அவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். சட்டையில் பெயர் தமிழில் இருந்தது. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நிமிர்ந்து, சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே பெப்ரவரியில் எல்லாக் கிளைகளும் கூடி, கோபத்தோடு, ஏகமனதாக அந்த விதியை நிறைவேற்றின. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் ஆட்களின் பத்திரங்களைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

திங்கட்கிழமை தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பத்திரமோ? அது என்ரை அகதி வழக்கு ஃபைலுக்குள்ளை கிடக்கும். அந்த லோயரும் செத்துப்போனார்.”

“அப்ப என்ன செய்யிறது, அண்ணை?”

“நீர்தானே விதியை எழுதினீர். நீரே சொல்லும்.”

அடுத்தவரின் பத்திரம் வீட்டோடு இராணுவ வலயத்துக்குள் போய்விட்டது. இன்னொருவருடையது கடலில். ஒருவர், வரும் வழியில், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டோடு சேர்த்து அதையும் கிழித்து விமானத்தின் கழிப்பறையில் போடச் சொன்னதைச் சொல்லிச் சிரித்தார். என்னுடையது இருந்தது, அப்பா தபாலில் அனுப்பியிருந்தார். நகரசபைக்குக் கொண்டுபோனேன். ஜெர்மன் மொழிபெயர்ப்பு இல்லாமல் பிரதியை அத்தாட்சிப்படுத்த ஏலாது என்றார்கள். அதற்கு வேறு டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுக்கவேண்டும். மற்றக் கிளைகளிலும் இதே நிலைதான். கையில் ஒரு தாளும் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு அலுவலக யன்னலிலும் மூலப்பிரதி எங்கே, முத்திரை எங்கே என்று கேட்கப்பட்டவர்கள். எங்களுக்கென்று ஒரு விதி எழுதும் சந்தர்ப்பம் வந்ததும் நாங்கள் கேட்டதும் அதையேதான். கூட்டத்தில் அது எவருக்கும் உறைக்கவில்லை. எழுதிய எனக்கும் இல்லை.

ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது. பத்திரம் இல்லாவிட்டால், அதே காலத்தில் கல்லூரியில் இருந்த இரண்டு பழைய மாணவர்கள் கையெழுத்திட்டுச் சாட்சி சொன்னால் போதும். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்துக்கொண்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

மே மாதத்தில் புலமைப்பரிசில் விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பங்கள் என்று பன்மையில் எழுதுவது வழக்கத்தால். அந்த வருடம் வந்தது ஒன்றே ஒன்று. கிண்ணப் போட்டியில் கொத்துரொட்டியும் தேநீரும் விற்று வரும் பணத்தில் எங்கள் கிளைக்கு ஒரு விளையாட்டு நிதி உண்டு. கிண்ணத்தில் விளையாடும் தகுதி உள்ள ஒரு பிள்ளைக்கு, விளையாட்டைத் தொடர்வதற்காக, வருடத்துக்கு ஒருமுறை அது கொடுக்கப்படும். விண்ணப்பித்த பிள்ளை ஒரு கோல் காப்பாளர். பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கிறாள். மேல்நிலைப் பிரிவில் ஆடும் ஒரு பெண்கள் அணி அவளைக் கூப்பிட்டிருந்தது. அந்த மட்டத்தில் பெண்களுக்குச் சம்பளம் இல்லை, பயணச் செலவு மட்டுமே. பயிற்சி சனிக்கிழமைகளில். அவளோ சனிக்கிழமைகளில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துதான் அறை வாடகை கட்டினாள். தகப்பனின் சம்பளம் வரம்பைச் சற்றுத் தாண்டியதால் அரசின் மாணவர் உதவியும் கிடைக்கவில்லை. எங்கள் நிதி கிடைத்தால் ஒரு பருவத்துக்கு அந்த வேலையை விடலாம், அணியில் சேரலாம். இல்லையென்றால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். இதைத்தான் அவள், ஜெர்மன் பள்ளியில் பழகிய நேரான கையெழுத்தில், தமிழில் எழுதியிருந்தாள்.

தகப்பனை எல்லோருக்கும் தெரியும். போட்டி நாளில் முதலில் வந்து வலை கட்டுகிறவர் அவர். கல்லூரிக் கொடியைப் பிடித்துக்கொண்டு, மழையென்றாலும் வெயிலென்றாலும், கடைசி விசில்வரை கரையிலே ஓடுவார். அவர் எந்த வருடம் படித்தவர் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு சத்தம் போடுகிறவரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மகளின் விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தை அவரே நிரப்பி, நேர்மையாக எழுதியிருந்தார்: மாலைப் பிரிவு.

மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

“தம்பி, எங்கட கல்லூரியிலை மாலைப் பிரிவு எண்டு ஒண்டு இருந்ததோ?”

“இருந்ததண்ணை. நாங்கள்தான் அது.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய ஊர் இராணுவத்தின் கையில் போனது. ஊரோடு பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்து, எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் மத்தியானத்துக்குப் பிறகு நடந்தது. எங்கள் பிள்ளைகள் எழுந்துபோன வாங்குகளில் அவர்கள் வந்து இருந்தார்கள். ஆனால் மாணவர் பெயர் இடாப்பு அவர்களுடையது, அதிபர் அவர்களுடையவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இங்கே கிளை இல்லை.

“அப்ப நீங்கள் எங்கட பழைய மாணவன் இல்லை, தம்பி.”

“சங்கத்தின்ரை யாப்பை வாசிச்சுப் பாருங்கோ அண்ணை. கல்லூரிக்காக விளையாடினவனும் பழைய மாணவன்தான் எண்டு கிடக்கு. நான் விளையாடினனான்.”

சங்கத்தின் சட்டக்கோவையான யாப்பில் அப்படித்தான் இருந்தது. அவர் சொன்ன கதை இது. ஒரு நாள் கல்லூரி அணியின் கோல் காப்பாளன் வரவில்லை. முதல்நாள் கொழும்புக்குப் போய்விட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னேர வகுப்புக்கு நேரத்தோடு வந்து மதிலோரம் நின்ற இவரை விளையாட்டு ஆசிரியர் கைதட்டிக் கூப்பிட்டார். போனவனின் சட்டை, வேறு யாருடையதோ சப்பாத்து.

“எத்தினைக்கு எத்தினை?” என்று கேட்டேன். வரலாற்றுக்கு அது வேண்டும்.

“தோத்தனாங்கள் அண்ணை. அது மட்டும் வடிவா ஞாபகம்.”

நான் தேடினேன். கல்லூரி அலுவலகத்துக்கு எழுதினேன். அந்த வருடங்களின் பதிவுகள் முழுமையாக இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. விளையாட்டு ஆசிரியர் காலமாகிவிட்டார். அப்போதைய அணித்தலைவர் கனடாவில் இருக்கிறார். “ஆரோ ஒரு பின்னேரப் பள்ளிக்கூடப் பெடியன் ஒருக்கா நிண்டவன். முகம் ஞாபகமில்லை. கையெழுத்துக் கேக்காதேங்கோ” என்றார். லண்டனில் இருக்கும் பின்வரிசைக்காரர், அந்த வருடம் ஷெல்லடியால் போட்டியே நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். இரண்டு அழைப்புகளையும் திகதியிட்டுக் குறித்துவைத்தேன். ஒன்று மற்றதை அழித்துவிட்டது. என் மனைவி, “அந்தப் பிள்ளைக்குக் காசைக் குடுத்திட்டுப் படுங்கோவன்” என்றாள்.

ஜூன் மாதச் செயற்குழுக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தோம். தலைவர் கதையை முழுதாகக் கேட்கவுமில்லை. பேனாவைத் திறந்தார்.

“இதென்ன பெரிய வேலை? நான் சாட்சி. நான் கண்டனான். பெடியன் பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிச்சவன்.”

“அண்ணை, நீங்கள் எண்பத்தி நாலிலையே இஞ்சை வந்திட்டியள்,” என்றேன்.

“அதுக்கென்ன? என்ரை வழக்கிலை நான் சொன்னதுக்கு ஆர் சாட்சி? ஜட்ஜ் நம்பினவர்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். பொருளாளரும் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார். அவரும் அந்தக் காலத்தில் ஸ்டுட்கார்ட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். இரண்டு கையெழுத்து, விஷயம் முடிந்தது. என்னை ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நான் கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எப்படியாவது முடியட்டும் என்ற அலுப்புத்தான் எனக்குள் இருந்தது.

அப்போது தகப்பன் எழும்பினார். தாளின் மேல் கையை வைத்தார்.

“வேண்டாம் அண்ணை.”

“ஏன்ரா?”

“நீங்கள் காணேல்லை. நீங்கள் கண்டதெண்டு எழுதினால் நான் விளையாடினதும் பொய்யாப் போயிடும். நான் உண்மையா நிண்டனான்.”

“விசரே உனக்கு? பிள்ளையின்ரை அலுவல். உன்ரை பெருமையை ஒரு பக்கத்திலை வை.”

“பெருமை இல்லை அண்ணை. என்னட்டை அது ஒண்டுதான் கிடக்கு.”

பிள்ளை தன் இப்போதைய அணியின் பயிற்சி முடித்து, தோளில் பையோடு, தகப்பனைக் கூட்டிப்போக வந்து கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“அப்பா, லாஸ்,” என்றாள். விடுங்கள் என்று அர்த்தம். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “அப்பா மாட்டன் எண்டால் மாட்டார், அங்கிள். வீட்டிலை கார்ட்ஸ் விளையாடினாலும் இப்பிடித்தான். அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கும்.”

“பிள்ளை, உனக்குத்தானே நட்டம்?” என்றார் தலைவர்.

“ஓம். எனக்குத்தான்.” அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தகப்பன் அவளைப் பார்க்கவில்லை. கதிரையை எடுத்து அடுக்கப் போனார். அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். இருவரும் ஆளில்லாத கதிரைகளையெல்லாம் அடுக்கினார்கள். கூட்டம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக எழும்பி எங்கள் கதிரைகளையும் கொடுத்தோம்.

விண்ணப்பம் தகுதியற்றது என்று குறிப்பில் எழுதினேன். காரணம்: சாட்சி இன்மை. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிழையில்லை. கோடையில் அந்த மேல்நிலை அணி வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டது. இவள் பெட்ரோல் நிலையத்திலேயே சனிக்கிழமைகளைக் கழித்தாள். வேறு விண்ணப்பம் இல்லாததால் நிதி அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டது.

விதிப்படி அவளை இறக்க முடியாததால், ஓகஸ்ட் கிண்ணத்தில் எங்கள் பெண்கள் அணிக்குக் கோல் காப்பாளர் இல்லை. பின்வரிசையில் ஆடும் ஒருத்தியை நிறுத்தினோம். பந்து வரும்போதெல்லாம் அவள் கண்ணை மூடினாள். இரண்டாவது ஆட்டத்திலேயே வெளியேறினோம். அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். காலையில் நான் போனபோது தகப்பன் வலை கட்டி முடித்திருந்தார். மகள் அன்று வேலைக்கு லீவு எடுத்திருந்தாள். கம்பத்துக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடுகிற பெண்ணுக்கு, “முன்னுக்கு வா! கையை விரி! பயப்பிடாதை, அது பந்துதான்!” என்று ஆட்டம் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள். தகப்பன் கரையில் கொடியோடு ஓடினார். எதிர்க் கிளைக்காரன் ஒருவன், “என்னண்ணை, உங்களை வெளியிலை விட்டிட்டாங்களாம், பிறகும் கத்திறியள்?” என்று கேலி பண்ணினான். “நான் கத்திறதுக்கு ஒருத்தரும் சாட்சி கேக்கேல்லை” என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

ஒக்டோபரில் கிளை வரலாற்றின் ஆட்டக்காரர் பகுதியைத் திருத்தினேன். அவருடைய பெயர் அதில் இல்லை. அந்தப் பின்னேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எதிரணி எது என்பது தெரியாது. எந்த மாதம் என்பதும் தெரியாது. இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்து மாணவர் ஒருவர் எங்கள் கல்லூரிக்காகக் கோல் காத்தார், ஆட்டம் தோல்வியில் முடிந்தது என்று சொல்லப்படுகிறது. இதை எழுதும் நாள்வரை அது உறுதிப்படுத்தப்படவில்லை.