கடல் கடந்த குங்குமம்

கண்ணுங்களா, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் மைசூரில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை பார்த்தேன். வெளிநாடு போகும் ஒவ்வொரு மரப்பெட்டிக்கும் மூன்று விரலால் குங்குமம் இழுத்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவேன்.

ஒருநாள் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் வந்து ஒரு போட்டோவை நீட்டினார். வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்ட பெட்டி; மேலே மூன்று குங்குமக் கோடுகள். ஊதுபத்திக்கு அடியில் வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள்.

"அனுப்பினவன் விலாசம் பொய். ஊதுபத்தி மட்டும் உங்க கம்பெனிது. இந்தக் குங்குமம் யாரு கைன்னு அந்த நாட்டுப் போலீஸ் நம்மகிட்ட கேக்குறாங்க. யாருப்பா வச்சது?"

"நான்தான் சார். ஆனா ஆணி அடிக்கிறது முதலாளி தம்பி. 'நீங்க ஊட்டா மாடிட்டு வாங்கண்ணா, நான் அடிச்சுக்கறேன்'னு என்னைச் சாப்பிட அனுப்பிடுவாரு."

பக்கத்தில் நின்ற முதலாளி தம்பியின் முகம் வெளுத்தது. அதிகாரி சோதனை போட்டதில் அவர் அறையில் அதே பொட்டலங்கள் கிடைத்தன.

சாமியை நினைத்து வைத்த குங்குமம் எதற்குத் துணை போயிருக்கிறது! பிடிபடாமல் போன பெட்டிகளிலிருந்து முகம் தெரியாத எந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பொடியைத் தொட்டார்களோ!

பூட்டிய கம்பெனியில் மறுபடி வேலை தொடங்கிய அன்று, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், முதல் பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். ஊதுபத்தி மட்டும்தான் இருந்தது. நானே ஆணி அடித்தேன். அதன் பிறகுதான் குங்குமத்தைத் தொட்டேன்.