வாஸலின் தடவிய கை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனதற்குக் காரணம் ஒரு செம்பருத்தி இலை. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மைசூரில் காலேஜில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சை. அதில் தேறினால்தான் ஆனர்ஸில் இடம். ஆளுக்கொரு தொட்டிச்செடியை வீட்டிலேயே தயார் செய்து எடுத்துவர வேண்டும். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையிலுள்ள மாவுச்சத்து தீர்ந்துபோகும். பிறகு ஓர் இலையின் அடிப்பக்கம் பூரா வாஸலின் தடவி, வெயிலில் வைத்து, அயோடின் விட்டு மறுபடி மாவுச்சத்து ஊறியிருக்கிறதா என்று பார்ப்பது. செம்பருத்திக்குக் காற்று வாங்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான். அவற்றை அடைத்துவிட்டால் கரியமில வாயு உள்ளே போகாது. வெயில் எவ்வளவு அடித்தாலும் இலைக்குச் சமையல் கிடையாது. அரளி இன்னும் அழுத்தக்காரி. தோலும் தடிமன், துளைகளையும் குழிக்குள் ஒளித்து வைத்திருப்பாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

மேல்கோட்டையிலிருந்து பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சொன்னார். அவர்கள் வந்தபோது நான் ஸ்டோர் ரூமில் இலைக்கு வாஸலின் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்ட அவசரத்தில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காபியை எடுத்துப் போனேன். வெள்ளி டம்ளரில் என் விரல்கள் பளபளவென்று பதிந்திருந்தன.

"கையில என்னம்மா?" என்றார் பிள்ளையின் அப்பா.

"வாஸலின், மாமா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வாஸலின் என்றால் மிருகக் கொழுப்பு என்று அப்போது ஆசாரம் பார்க்கும் எங்கள் வீடுகளில் முடிவே கட்டியிருந்தார்கள். குளிரில் உதடு வெடித்தால்கூட வெண்ணெய்தான்.

"மண்ணெண்ணெய் எடுக்கிறதிலேருந்துதான் இதுவும் வரது. எந்த மிருகத்தோட சம்பந்தமும் இல்லை" என்றேன்.

"இருக்கட்டும். போய் ஸ்நானம் பண்ணிட்டு வா, நாங்க மறந்துடறோம். ஆனா காலேஜ் இன்னியோட சரி. இலையும் தழையும் ஆத்துப் பொண்ணுக்கு எதுக்கு?"

சரியென்று சொல்லு என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஸ்நானம் பண்றேன் மாமா. காலேஜை விடமாட்டேன்."

பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் வாசலில் வண்டி கிளம்பிவிட்டது.

மானம் கப்பலேறிவிட்டது என்று அம்மா புலம்பித் தீர்த்தாள். சாயங்காலம் அப்பா வாயைத் திறந்தார். "நாளைக்கு நீ எங்கேயும் போகப்போறதில்லை." பயந்துபோய் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபம்தான் வந்தது, வெறும் கோபம்.

காலையில் குளித்து, பின்னிக்கொண்டு, தொட்டியைச் சாக்கால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்பா வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"நேத்து சொன்னது காதுல விழலையா?"

"விழுந்தது."

உள்ளே அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவாளுக்கு வேற பொண்ணு நாளைக்கே கிடைப்பா அப்பா. எனக்கு இந்தப் பரீட்சை திரும்ப வராது. தள்ளிக்கோங்கோ, வெயில் ஏறிடும்."

அப்பா என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு நிலையிலிருந்து ஒரு கையை எடுத்தார். அந்த இடம் எனக்குப் போதும்.