பெருக்கல் குறி போடுகிறவர்

குறிஞ்சிப்பாடி கொளஞ்சியப்பன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் அவர் நின்று பார்த்த சுவர் எதுவும் பிழைத்ததில்லை. சாலையை அகலப்படுத்தும் வேலையில், இடிக்க வேண்டிய இடங்களில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவது அவர் உத்தியோகம். இடிப்பது அவரல்ல, குறியைப் பார்த்துப் பின்னால் வரும் ஜேசிபி. டீக்கடைக்காரர்கள் அவருக்குக் காசு வாங்காமல் டீ கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுச் சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஐம்பத்தாறு வயதில் முதுகு வலித்தது. பெயிண்ட் டப்பா தூக்கிய வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டர் பிரிசில்லா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய் என்றார். மல்டிபிள் மைலோமா. மற்ற மருந்துகளோடு லெனலிடோமைடு என்றொரு மாத்திரையும் எழுதினார்.

“இது உள்ள போயி என்னா பண்ணும் மேடம்?”

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “செல்லுக்குள்ள உங்கள மாதிரியே ஆளுங்க இருக்காங்கய்யா. யுபிக்விட்டின் லைகேஸ்னு பேரு. வேண்டாத புரதத்து மேல ஒரு குறி போட்டுட்டுப் போயிடும். பின்னாடியே ஒரு மிஷின் வந்து அதத் தூளாக்கிடும்.”

“அங்கயும் ஜேசிபியா?”

“ஆமா. இந்த மாத்திர, குறி போடுற ஆளு கையப் புடிச்சி, ‘இந்தா, இதுல போடு’ன்னு திருப்பி வுடும். எந்தப் புரதத்த நம்பிப் புத்துநோய் செல்லு பொழைக்குதோ, அதுல குறி வுழும்.”

“நஷ்டஈடு?”

“ஒரு பைசா கெடையாது.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். இந்த மாத்திரையின் மூத்த உறவு ஒன்றை அறுபது வருஷத்துக்கு முன் மசக்கை வாந்திக்குக் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. ஏன் என்பது பல காலம் கழித்தே தெரிந்தது. கருவிலும் அதே குறி போடுகிறவனின் கைதான் திருப்பப்பட்டிருந்தது, அங்கே கைகால் வளரத் தேவையான புரதத்தின் மேல். மருந்தின் குற்றமும் புண்ணியமும் ஒரே வேலைதான், விலாசம்தான் வேறு.

“அதனால கர்ப்பிணிங்க இதத் தொடவே கூடாது.”

அப்போது வீட்டில் கர்ப்பிணி யாருமில்லை. ஆறு மாதத்தில் வலி தணிந்தது, ரத்தத்தில் நோயின் அளவும் நன்றாக இறங்கியது. குமராட்சியில் வாழ்க்கைப்பட்ட மகள் கயல்விழி, வளைகாப்பு முடிந்து வளையல் குலுங்கத் தாய்வீட்டுக்கு வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒன்றும் புரியாமல் படுத்திருந்த நோயாளி இதே மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். கொளஞ்சியப்பனுக்கோ எல்லாம் புரிந்திருந்தது, அதுதான் வினை. சாயங்காலம் வீடு திரும்பினால் துண்டில், டம்ளரில், கதவுத் தாழ்ப்பாளில் எங்கும் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெய்க்கும் போகாது. மருந்து மட்டும் ஒட்டாதா? வியர்வையில் வராதா? விழுந்த குறியை யார் காலில் விழுந்தாலும் அழிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். போதாததற்கு, கொல்லைப்பக்கம் தனித்தட்டில் சாப்பிட்டார்.

“அப்பாவுக்கு எம்மேல என்னாம்மா கோவம்?” என்று கயல்விழி தாயிடம் கேட்டாள்.

அடுத்த சோதனையில் அளவு ஏறியிருந்தது. மருந்து கேட்காமல் போய்விட்டதோ, வேறு மாற்ற வேண்டுமோ என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

“எங்க மேடம் கேக்கும்?” என்றாள் மனைவி அஞ்சம்மாள். “தின்னாத்தான கேக்கும்? காலைல அரிசிப் பானைய நவுத்துறேன், பின்னாடி மாத்திர டப்பா பூரா அப்புடியே கெடக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

கொளஞ்சியப்பன் பெயிண்ட் நியாயத்தைச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“தப்பு எம்மேலதான்யா. நான் சொன்ன உதாரணத்துல பெயிண்ட் சிந்தாது, உங்களத் தொட்டா மருந்து ஒட்டாது. பொண்ணு மாத்திரையத் தொடக்கூடாது, நீங்க அத உடைக்கக்கூடாது, பூட்டி வைங்க. எடுத்துப் போட்டதும் கையக் கழுவுங்க. மூத்திரத்துல மருந்து வரும், அதனால கக்கூஸ மட்டும் நீங்களே கழுவிடுங்க.”

“இந்த ஜென்மத்துலயா!” என்றாள் அஞ்சம்மாள்.

“மத்தபடி பக்கத்துல ஒக்காருங்க, சேந்து சாப்புடுங்க. நிறுத்தினாத்தான் ஆபத்து. பேரப்புள்ள பொறக்கறப்ப நீங்க இருக்க வேணாமா?”

இந்த நோய் அடியோடு போகிற ஜாதியில்லை. ஆனால் பல வருஷம் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த மாதம் அளவு மறுபடி இறங்கத் தொடங்கியது.

இப்போது மாத்திரை போடும் நேரத்தில் கயல்விழி எட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறாள். “முழுங்கிட்டியா? வாயத் தொற. நாக்கத் தூக்கு.”

“பத்து வாட்டி திருட்டுத்தனம் பண்ணவன் மாரி நடத்துறியே.”

“ஒரு வாட்டி பண்ணது போதும்ப்பா.”

சொல்லும்போதே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒதைக்குதுப்பா! வா, தொட்டுப் பாரு.”

கொளஞ்சியப்பன் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். திரும்பி வந்தவர் மறுபடி போய் இன்னொரு தரம் கழுவினார்.

“அது தூங்கிடப் போவுதுப்பா, சீக்கிரம்!”

ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.