காபியைத் தொடாத பெண்கள்

எங்கள் வகையறா சிறியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்களுக்குள்தான். என் மகளுக்குத் தைராய்டு உண்டு. நிச்சயம் முடிந்ததும் என் நாத்தனார், "மதினி, கல்யாணம் வரைக்கும் மாத்திரைய நிப்பாட்டுங்க. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான்" என்றாள். பயந்துபோய் நிறுத்தினோம்.

சில வாரங்களில் மகளுக்கு முகம் வீங்கியது, எந்நேரமும் அசதி. ஒருநாள் திருமங்கலம் சாலையில் ஸ்கூட்டரோடு சாய்ந்துவிட்டாள். பின்னால் வந்த பஸ் ஓரடி தள்ளி நின்றது. அன்றைக்கே மாத்திரையை ரகசியமாக மறுபடி ஆரம்பித்தோம்.

அடுத்த மாதம் ஒத்தக்கடை மண்டபத்தில் சொந்தக்காரர் கல்யாணம். விடியற்காலையில் காபி வந்தது. "பெறகு குடிக்கிறேன்" என்றாள் நாத்தனார். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டவர்கள்தான் காபிக்கு அப்படி அரைமணி நேரம் காத்திருப்பார்கள். சுற்றிப் பார்த்தேன். பாதிப் பெண்கள் காபியைத் தொடவில்லை.

"ஏத்தா, நீயும் தைராய்டு மாத்திரை போட்டிருக்கியா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"மெதுவா மதினி! ஒங்க சம்பந்தியம்மா காதுல விழுந்துரும்."

"விழட்டும். அவுகளுந்தான் இன்னும் காபியத் தொடல."

மகள் இப்போது மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டே மாத்திரை போடுகிறாள். எந்தக் கல்யாணத்திலும் காபித் தட்டை நானே எடுத்துப் போகிறேன். வேண்டாம் என்பவர்களிடம் காரணம் கேட்கிறேன். நாத்தனாரிடம் மட்டும் இரண்டு முறை கேட்கிறேன்.