ஞாயிறு மதியத்து நீர்மூழ்கி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், எல்லாம் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் ஓரத்து கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பேன். இந்தக் காலத்துக் கப்பலுக்குள் எது எப்படி நடக்குமோ அதை அப்படியே காட்டும் விளையாட்டு. அதில் கடல் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் மேலிருந்து மெதுவாக வழிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கோடும் தண்ணீருக்குள் எங்கிருந்தோ வரும் ஒரு சத்தம். ஹெட்போனில் அதைக் கேட்டு, அது என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும், "சிஸ்டம் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருவன் மட்டும் நின்று பார்த்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் கடைக்கு வந்திருந்தான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகும் கிளம்பவில்லை.

"சார், அந்தக் கோட்டுக்குச் சத்தம் உண்டா? செத்த நேரம் கேட்டுப் பாக்கட்டுமா?"

ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரு சரக்குக் கப்பலின் விசிறி தூரத்தில் சுற்றும் சத்தம், இடையிடையே திமிங்கிலத்தின் முனகல், பின்னால் ஓயாத தண்ணீர் இரைச்சல். கழற்றும்போது, "வாரம் பூரா மில்லுச் சத்தத்துல நிக்கேன் சார். காதுன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பைக்கில் வந்து இறங்கினான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். அப்படி ஆரம்பித்தது பல வருஷம் ஓடியது. 'சார்' போய் 'மாப்ள' வந்தது. அவன் கேட்டுச் சொல்வான், நான் கப்பலை ஓட்டுவேன். வெளியே வெயில் கொளுத்தும். எங்களுக்கு மேலே ஆழ்கடலின் குளிர்ந்த தண்ணீர் இருப்பதாக நம்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ரகசியக் குரலில் பேசிக்கொள்வோம்.

"மாப்ள, இடது பக்கம் ஒருத்தன் வாரான். மீன்பிடிப் படகு மாதிரி இருக்கு."

"நல்லாக் கேளு."

"இரு... அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு இன்னொருத்தன் வாரான்."

அந்த இன்னொருத்தனுக்காக மதியம் முழுக்கக் காத்திருப்போம். ஒன்றுமே நடக்காத நேரம்தான் அதிகம். அந்தக் காத்திருப்புக்காகத்தான் நாங்கள் விளையாடினோம் என்று இப்போது புரிகிறது. என் மனைவி போன் செய்து, "என்ன, கப்பல் கரைக்கு வந்துருச்சா? காப்பி ஆறுது" என்பாள்.

ஒரு கோடை விடுமுறையில், நிஜமான நீர்மூழ்கியைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். விசாகப்பட்டினம் கடற்கரையில் ஓய்வுபெற்ற கப்பல் ஒன்றைக் கரையேற்றி, மக்கள் உள்ளே போய்ப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ரயிலில் போகும்போது அவனுக்குத் தூக்கமே இல்லை. அவன் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தலைமுறை தலைமுறையாக ராஜபாளையத்தில் பேசிப் பேசி அது தனி ருசிக்கு வந்துவிட்டது. இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடையில் அவன் வாயைத் திறந்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டு, எந்த ஊர்த் தெலுங்கு இது என்று விசாரித்து, இன்னொரு டீ கொடுத்தார்.

கப்பலுக்குள் நுழைந்தோம். டார்பிடோ குண்டுகள் வைக்கும் அறையைத் தாண்டினால் அடுத்த அறைக்கு ஒரு வட்டமான ஓட்டை. உடம்பைக் குறுக்கித்தான் போக வேண்டும். முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நகராமல் நின்றது. பின்னாலும் ஆட்கள். தலைக்கு மேலே குழாய்கள், பழைய டீசல் வாடை. நான் ஓட்டைக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

"மாப்ள, என்னால முடியல. மூச்சு முட்டுது. நீ போ."

சுற்றிக்காட்ட நின்றிருந்த முன்னாள் கடற்படைக்காரர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, கூட்டத்தை விலக்கி வெளியே அழைத்துப் போனார். நான் மட்டும் மறுகோடி வரை போனேன். சோனார் அறை, அதாவது விளையாட்டில் அவன் உட்கார்ந்து சத்தம் கேட்கும் அறை, எங்கள் கடையின் ஜெராக்ஸ் மிஷின் மூலையை விடச் சிறியது. அதை நின்று பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வெளியே மணலில் அந்தக் கடற்படைக்காரரும் அவனும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் விடைபெற்றுப் போன பிறகு அவன் சொன்னான்: "அவியளும் இதே மாதிரி கப்பல்ல இருந்தவியதான். ஒரே படுக்கையில ரெண்டு பேரு மாத்தி மாத்திப் படுப்பாங்களாம். ஒருத்தன் எந்திரிச்ச சூடு ஆறதுக்குள்ள அடுத்தவன் படுக்கணுமாம்." வெட்கப்படுகிறானோ என்று நினைத்து, டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் அவன் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் சத்தம் கேட்டது. எதுவும் நடக்காதது போல ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது ஒரு எதிரி நீர்மூழ்கி. எங்களை அது கவனிக்கவே இல்லை. பொறுமையாகப் பின்னாலேயே போய், தூரம், வேகம், திசை எல்லாம் கணக்குப் போட்டு முடித்தாயிற்று. டார்பிடோவை விட வேண்டியதுதான் பாக்கி.

"விடட்டுமா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் மாப்ள. உள்ள எம்புட்டுப் பேரு இருப்பாங்க."

"ஏலே, இது கேமு."

"தெரியும்லே. இருந்தாலும் வேண்டாம். சத்தம் காட்டாம அப்டியே திரும்பிரு."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மதியம் முழுக்கப் பட்ட பாடு வீண். ஆனாலும் சுக்கானைத் திருப்பினேன். அந்தக் கப்பலின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மற்ற இரைச்சலோடு கலந்து மறைந்தது. திரையில் தோல்வி என்று வந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "அவனுக்குத் தெரியவே தெரியாது, நாம பின்னாடி இருந்தது" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் என் எரிச்சல் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் விளையாட்டே அப்படி ஆகிவிட்டது. யாராவது ஒருவனைக் கண்டுபிடிப்போம். அவன் காதில் படாமல் கூடவே போவோம். போதும் என்று தோன்றினால் திரும்பிவிடுவோம். ஒவ்வொரு முறையும் தோல்வி என்றே வரும். என் மனைவி ஒருநாள் கடையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவன் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் அவனும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். ஒரு தொழிற்சாலையில் வேலை. இணையத்தில் சேர்ந்தே விளையாடலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். சில வாரம் விளையாடவும் செய்தோம். அங்கே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் விழுகிறது. இப்போது போனில் பேசுவதோடு சரி. போன வாரம் பேசும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகப் பாலம் கட்டுகிறார்கள், சத்தம் தாங்கவில்லை என்றான். பொங்கலுக்கு வருகிறானாம்.

"வந்தா ஒரு மத்தியானம் உக்காருவமா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான மாப்ள வாரேன்" என்றான்.