மூன்றாவது நினைவூட்டலுக்கு வந்த பதில்

ஓர் ஆய்வுக்காகக் கிராம நர்சுகளுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்குவது என் வேலை. பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். அதனால் மூன்றாவது நினைவூட்டலில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: "பதில் வராவிட்டால் உங்கள் நிலையம் பட்டியலிலிருந்து நீக்கப்படும்." எங்கள் ஆய்வுப் பட்டியலைத்தான் சொன்னேன். பதில்கள் குவிந்தன.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய துணை சுகாதார நிலையத்திலிருந்து வந்த பதிலில் நர்சின் வயது மட்டும் விடுபட்டிருந்தது. நேரில் கேட்க ஒரு மதியம் போனேன். கண் கூசும் வெள்ளை உப்பு; ஆள் அரவமே இல்லை. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துடைத்த மேசை, அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி, அன்றைய தேதி காட்டும் நாள்காட்டி.

"நர்சம்மா செத்து எட்டு மாசம் ஆவுதுங்க."

பின்னால் உப்பு வாரும் பெண் ஒருத்தி, கையில் சாவியோடு நின்றிருந்தாள்.

என் பையிலிருந்த பதில் போன வாரம் வந்தது. மாற்றல் கேட்பீர்களா என்ற கேள்விக்கு, "நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்" என்று எழுதியிருந்தது. அதை எடுத்து அவளிடம் காட்டினேன்.

"நாந்தாங்க எழுதிப் போட்டேன். பதில் போடலன்னா ஆசுபத்திரிய எடுத்துடுவாங்கன்னு பயம். தெனம் பெருக்கித் தொடச்சு வெக்கிறேன். புது நர்சு எப்ப வருவாங்க சார்?"

"வருவாங்க" என்றேன்.

அந்தப் பதிலை நான் நீக்கியிருக்க வேண்டும். எண்ணிக்கை குறையுமே என்று விட்டுவிட்டேன். அச்சாகி வந்த எங்கள் அறிக்கையின்படி அந்த நிலையத்தில் நர்ஸ் இருக்கிறார். மாற்றல் கேட்கும் எண்ணமும் அவருக்கு இல்லை.