காளியப்பன் சேமித்த உதடு

ஆட்டையாம்பட்டியில் காளியப்பனின் உதட்டுக்கு இருந்த மரியாதை காளியப்பனுக்கு இருந்ததில்லை. வீட்டில் குழம்பு வைத்தால் அந்த உதட்டுக்கென்று காரமில்லாமல் ஒரு கிண்ணம் தனியாகப் போகும். டீ ஆறிப் பச்சைத் தண்ணீர் ஆன பிறகுதான் குடிப்பார். சுண்ணாம்பில் உதடு வெந்துவிடும் என்று வெற்றிலைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், சாவு எதுவானாலும் பேண்டு செட்டின் முன்வரிசையில் டிரம்பெட் ஊதுகிறவர். உதடுதான் சோறு போடுகிறது, அதைப் போற்றுவதில் குற்றமில்லை. அந்தச் சாக்கில் அவர் இன்னொரு காரியமும் சாதித்துவந்தார், அதைத்தான் சொல்ல வந்தேன்.

இளவயதில் அவரும் கன்னத்தைப் பூரி மாதிரி உப்பவைத்து, மவுத்பீஸைப் பல்லோடு அழுத்தி ஊதியவர்தான். ஒரு மாரியம்மன் பண்டிகையில் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பிற்பாடு செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பாடம் நடத்துவதைப் பார்த்து, பாஷை புரியாமலே முறையைப் பிடித்துக்கொண்டார். உதட்டின் ஓரங்கள் இறுகி நிற்க வேண்டும், நடு இளகியிருக்க வேண்டும். கன்னம் உப்பக் கூடாது. காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். காலையில் ஒரே சுரத்தை மெல்ல, நீளமாக இழுத்துப் பழக வேண்டும். ஊதிய நேரத்துக்கு ஈடாக உதட்டுக்கு ஓய்வும் தர வேண்டும்.

பயிற்சி பலித்தது. எத்தனை தெரு சுற்றினாலும் சுரம் நடுங்கவில்லை. வேறு வினை வந்தது. முகம் சும்மா இருந்ததால் ஆளும் சும்மா இருப்பதாகவே கல்யாண வீட்டார் நினைத்தார்கள். செட்டு முதலாளி மணியன் முன்பு ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். அவருக்குச் சங்கீதமும் காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஒன்றுதான்.

"ஏப்பா காளியப்பா, கன்னமே உப்பலீன்னா காத்து எங்கிருந்து வரும்? பார்ட்டிக்காரங்க என்னையத்தான் கேக்கறாங்க!"

அன்றுமுதல் வீடியோக்காரர் கேமராவைத் திருப்பும்போது மட்டும் காளியப்பன் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தை உப்புவார். அந்தப் படம்தான் இன்றைக்கும் செட்டின் விளம்பரப் பலகையில் இருக்கிறது.

ஆனால் பாடத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஓய்வுதான். பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இவர் இடத்துக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டினான். போய்க் கேளுங்கள் என்றாள் மனைவி மஞ்சுளா. காளியப்பன் உதட்டைத் தொட்டுக் காட்டினார், ஓய்வாம். பங்காளிகள் சீண்டியபோதும் ஓய்வு. ஊரார் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். மஞ்சுளா வேறொரு வார்த்தை வைத்திருந்தாள், அதை இங்கே எழுத முடியாது.

போன மாதம் அந்தப் பருப்பு வேகாத நாள் வந்தது. பரமத்தி வேலூரில் இருக்கும் அக்கா வள்ளியாத்தாள் தன் மகனுக்குக் காளியப்பன் மகள் ஜெயப்பிரியாவைக் கேட்டுத் தட்டோடு வருகிறாள் என்று சேதி. முறைப்பையன்தான், நல்ல பையன்தான். ஆனால் ஜெயப்பிரியா நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதற்கு என்பது வள்ளியாத்தாள் கட்சி.

"ஏனுங்க, தட்டக் கையில வாங்கீட்டா பேச்சு முடிஞ்சுதுங்க. வேண்டாம்னு நீங்கதான் சொல்லோணும். நாஞ் சொன்னா ஊட்டுக்கு வந்தவ கெடுத்துட்டாம்பாங்க" என்றாள் மஞ்சுளா.

மகள் படித்து முடிக்க வேண்டும் என்ற ஆசை காளியப்பனுக்கும் நிறையவே இருந்தது. ஆனால் தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த அக்கா. அவள் முன்னால் அவர் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை.

மறுநாள் காலை தெருமுனையில் அக்காவின் தலை தெரிந்ததும், காளியப்பன் டிரம்பெட்டை எடுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊத ஆரம்பித்துவிட்டார்.

வள்ளியாத்தாள் உள்ளே போய்ப் பையைப் பிரித்துத் தட்டை அடுக்கி எடுத்துவந்தாள். தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கவுளி வெற்றிலை, மஞ்சள், பூ. "இந்தா சாமி, புடி" என்று நீட்டினாள். இரண்டு கையும் டிரம்பெட்டில் இருக்கிறவன் எப்படிப் பிடிப்பான்? காளியப்பன் ஒரே சுரத்தை விடாமல் இழுத்தார். வாயோரத்தில் மூச்சைத் திருடிக்கொண்டு மறுபடி இழுத்தார்.

"பழகறயா? பழகு, பழகு. நான் நிக்கறேன்" என்றாள் அக்கா. சுபகாரியத்துக்கு எடுத்த தட்டைக் கீழே வைக்கக் கூடாது. "மஞ்சுளா, நீயாச்சும் வாங்கேன்."

"பொண்ணப் பெத்தவருதானுங்க அண்ணி வாங்கோணும்" என்று மஞ்சுளா அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெயப்பிரியா நிலைப்படியில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. தெருவே கூடிவிட்டது. காளியப்பன் மலை போல நம்பியிருந்தது அக்காவின் கை ஓய்ந்துவிடும் என்பதை. வாழ்நாளெல்லாம் வாழைத்தார் தூக்கிய கை அது, அசையவே இல்லை. ஓய்ந்தது உதடுதான். வெளிநாட்டுக்காரர் பாடமெல்லாம் பறந்துபோய், பழையபடி மவுத்பீஸைப் பல்லோடு அழுத்தினார், கன்னத்தையும் உப்பினார். சுரம் ஆட்டுக்குட்டி கத்தியது போல உடைந்து நின்றது. மறுபடி ஊதினார். வெறும் காற்று வந்தது.

தட்டு இன்னும் அவர் முன்னால் நீட்டியபடியே இருந்தது. காளியப்பன் மகளை ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாங்க்கா" என்றார். வீங்கிய உதட்டில் அது குழறித்தான் வந்தது. "புள்ள படிச்சு முடிக்கட்டும்."

வள்ளியாத்தாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்த ஒத்த வார்த்தைக்காடா என்னைய இத்தன நேரம் நிக்க வச்ச?" என்றாள். தேங்காயையும் வெற்றிலையையும் பையில் போட்டுக்கொண்டாள். பழச்சீப்பை மட்டும் ஜெயப்பிரியா கையில் கொடுத்தாள். "காலேஜுக்கு எடுத்துட்டுப் போ சாமி." காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். காளியப்பனுக்கு அழுகை வந்தது, அழுதார்.

அன்று சாயங்காலம் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை அழைப்பு. உதடு கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது. அவரிடமிருந்து ஒரு சுரம்கூட வரவில்லை. வேறு வழியில்லாமல், ஊர்வலம் முழுக்கக் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டே நடந்தார். மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இந்தாளுதானுங்க ஊதறாரு, மத்தவங்கெல்லாம் சும்மா!" என்று அவருக்குத் துண்டு போர்த்தினார்.

மணியனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இத்தன வருசமா இந்தத் தெம்ப எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

"அதெல்லாம் காலைலயே ஊட்டுல செலவாயிப் போச்சுங்க" என்றார் காளியப்பன்.